முக்காலி என்று சொன்னது நான்தான்

அனுப்புநர்:
‘சக்கரவர்த்தி’ என்று ஊரார் அழைக்கும் சைக்கிள் பழுது பார்ப்பவர்,
சக்கரவர்த்தி சைக்கிள் ஒர்க்ஸ்,
பேருந்துப் பணிமனைப் பின்வாசல் எதிரில்.
(பட்டத்தைப் பார்த்துத் தாங்கள் எழுந்து நிற்க வேண்டாம். நான் ஆள்வது சக்கரங்களை மட்டுமே. அவையும் பெரும்பாலும் கோணல்.)

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
படப்பிடிப்பு அனுமதிப் பிரிவு,
பொது நிலங்கள் மற்றும் நீர்நிலைகள் துறை,
இரண்டாம் மாடி.

பொருள்: ஏரிக்கரையில் கைப்பற்றப்பட்ட கேமராவின் மெமரி கார்டில் உள்ள பதினொரு படங்களை வரும் முப்பதாம் தேதி அழிப்பதை நிறுத்தவும், எனக்குச் சாதகமாக வந்த தீர்ப்பை ரத்து செய்யவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. ரோந்துக் காவலரின் கைப்பற்றுச் சீட்டு. 2. எனது ஒன்பது பக்க ஆட்சேபணை. 3. தங்கள் அலுவலகத்தின் இறுதி அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. இது என் ஆறாவது மனு. முதல் ஐந்தும் தங்கள் மேசைக்கு வந்தனவா, அல்லது படிக்கட்டுக்குக் கீழே அடுக்கியிருக்கும் கட்டுகளோடு சேர்ந்து கட்டடத்தைத் தாங்கிக்கொண்டிருக்கின்றனவா என்று எனக்குத் தெரியாது. அந்த ஐந்திலும் சட்டம், நியாயம், மனித குலம், பிரபஞ்சம் ஆகியவை பற்றி நிறைய எழுதியிருந்தேன். இதில் அவை கிடையாது. எனக்கு வேண்டியது என் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு மெமரி கார்டு. அதில் இருப்பதை நாளை மறுநாள் மாலை ஐந்து மணிக்குத் தங்கள் அலுவலகம் அழிக்கப் போகிறது. அழிக்காதீர்கள் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் இத்தனை பக்கம். சுருக்கமாகப் பேசத் தெரிந்திருந்தால் எனக்கு இந்த வில்லங்கமே வந்திருக்காது. அது எப்படி என்பதைக் கீழே பணிவுடன் விளக்குகிறேன்.

2. என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், நகரப் பேருந்து ஓட்டுநர். இருபத்தாறு ஆண்டுகள் ஒரே தடம். அந்தத் தடத்தின் கடைசி நிறுத்தம் தங்கள் துறையின் ஏரிக்கரை நுழைவாயில். நாளொன்றுக்கு எட்டு முறை அந்த வாயிலில் பேருந்தைத் திருப்புவார். அவர் திருப்பித் திருப்பி ஓட்டிய தூரத்தை எல்லாம் நேராக ஓட்டியிருந்தால் நிலாவுக்குப் போய், அங்கே டீ குடித்துவிட்டு, அடுத்த ஷிப்டுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் வாயிலுக்கு அந்தப்பக்கம் அவர் ஒருநாளும் போனதில்லை. திரும்பும் நேரம் நான்கு நிமிடம். அதற்குள் டயரைத் தட்டிப் பார்க்க வேண்டும், நேரக் காப்பாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், ஒன்றுக்கும் போக வேண்டும். ஏரி எங்கே பார்ப்பது? “தண்ணி இருக்கறது தெரியும் மாப்ள. காத்துல வாசனை வரும்” என்பார். இருபத்தாறு ஆண்டு வாசனை பிடித்தே ஒரு ஏரியைத் தெரிந்து வைத்திருந்த ஒரே மனிதர் அவர்.

3. ஓய்வு பெற ஓராண்டு இருக்கும்போதே நுரையீரல் கெட்டுப்போனது. மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, வெள்ளையாக இருப்பதெல்லாம் கறுப்பாக இருந்திருக்க வேண்டும் என்றார். இருபது அடி நடந்தால் உட்கார வேண்டும். அந்த நிலையில் ஒருநாள் அத்தான் என் கடைக்கு வந்து, பஞ்சர் போட நான் உட்காரும் பலகையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, “அந்த கேட்டுக்கு உள்ள ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்துரலாமா மாப்ள” என்று கேட்டார். என்னிடம் அவர் கேட்ட முதல் உதவி அது. கல்யாணத்துக்கு என் அக்காவைக்கூட அவர் என்னிடம் கேட்கவில்லை.

4. இந்த இடத்தில் அக்கா மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தங்கள் அலுவலகம் அவளை ஒரு பெரிய குற்றவாளியாகப் பதிவு செய்திருப்பதால். அவள் ஒரு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கும் வேலையில் இருக்கிறாள். நீலத் திரைக்கு முன்னால் உலகத்தில் பாதிப் பேரை உட்கார வைத்து, “காது தெரியணும், சிரிக்காதீங்க” என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த பெண். ஆனால் பெற்ற தகப்பனை ஒரு படம் எடுக்க அவளால் முடிந்ததில்லை. கேமராவைக் கண்டால் அத்தான் கழிவறைக்குப் போய்விடுவார். வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரே படம் ஓட்டுநர் உரிமத்தில் இருப்பது. அதைப் பார்த்தால், காவல் நிலையச் சுவரில் ஒட்டியிருந்ததைக் கிழித்து வந்தது போலிருக்கும்.

5. இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை காலை நாங்கள் நால்வரும் ஏரிக்குச் சென்றோம். அத்தான், அக்கா, கழுத்தில் கேமராவோடு அக்கா மகள், தலையில் என் கடைப் பலகையோடு நான். அந்தப் பலகைக்கு மூன்று கால். வட்டமான மேற்புறம் விரிசல் விட்டதால் டியூப் ரப்பரை இழுத்து ஆணி அடித்திருக்கிறேன். இருபது அடிக்கு ஒருமுறை அதைக் கீழே வைத்து, அத்தானை உட்கார வைத்து, மூச்சு சமாதானம் ஆனதும் மறுபடி தலையில் ஏற்றிக்கொள்வது என்பது திட்டம்.

6. நுழைவுச் சீட்டு அறையின் கண்ணாடியில் உள்ளங்கை அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. அதற்கு அந்தப்பக்கம் இருந்த அம்மையார் தலை நிமிராமல், “உள்ள என்னென்ன கொண்டு போறீங்க?” என்று கேட்டார். ஐயா, உலகத்தில் உள்ள எல்லா மனிதர்களும் அந்தப் பொருளை ஸ்டூல் என்கிறார்கள். என் அக்கா ஸ்டூல் என்கிறாள். பஞ்சர் போட வரும் பள்ளிப் பிள்ளைகள் ஸ்டூல் என்கிறார்கள். நான் மட்டும் நல்ல தமிழ் பேசி நாட்டை நிமிர்த்தப் பிறந்தவன். ஓட்டைக்குள் வாயை வைத்து, அரசவையில் அறிவிப்பது போல, “ஒரு கேமரா! ஒரு முக்காலி!” என்று முழங்கினேன். அம்மையார் அப்படியே எழுதிக்கொண்டார். சொந்த உபயோகக் கேமராவுக்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டு, சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

7. தங்கள் துறை விதிப்புத்தகத்தில், கேமராவை மேலே பொருத்தி அசையாமல் நிறுத்தும் மூன்று கால் கருவிக்கும் முக்காலி என்றுதான் பெயர் என்பதோ, முக்காலியோடு எடுக்கப்படும் படம் எதுவானாலும் வணிகப் படப்பிடிப்பு ஆகும் என்பதோ, அதற்கு முன்அனுமதியும் தனிக் கட்டணமும் உண்டு என்பதோ எனக்குத் தெரியாது. என்னைத் தவிர அந்த வார்த்தையை மதித்தவர்கள் இந்த உலகில் தங்கள் துறையினர் மட்டுமே என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

8. ஏரியைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். அது தங்கள் சொத்து. பதினேழு முறை உட்கார்ந்து எழுந்து கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அத்தான் தண்ணீரைப் பார்த்தார். பிறகு திரும்பி வாயில் இருக்கும் திசையைப் பார்த்தார். அங்கே அவருடைய பழைய தடத்துப் பேருந்து திரும்பும் சத்தம் கேட்டது. “இவன் கியர மாத்தறதே சரியில்ல” என்றார். அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த வழக்கின் மூலம். மகளைக் கூப்பிட்டு, அவராகவே, “இங்க வச்சு ஒண்ணு எடும்மா” என்றார். அக்கா மகள் கேமராவைக் கீழே போடாமல் பிடித்துக்கொண்டதே பெரிய காரியம்.

9. அத்தான் முக்காலியில் விறைப்பாக உட்கார்ந்தார். அதே உரிமப் படத்து முகம். பத்துப் படம் எடுத்தாள். பத்திலும் அதே முகம். நான் பொறுக்க மாட்டாமல் குறுக்கே புகுந்து, இடுப்பை வளைத்து, “பராக்! பராக்! கடைசி நிறுத்தத்தையும் தாண்டி வந்த மாமன்னர் கொலு வீற்றிருக்கிறார்!” என்று கத்தினேன். அத்தான் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீ டிக்கெட் எடுத்தியா மாப்ள?” என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே சிரித்தார், ஐயா. வாய் திறந்து, தோள் குலுங்கி, பக்கவாட்டில் விழுந்த பல்லின் இடைவெளி தெரிய. கிளிக் என்ற சத்தம் என் காதில் விழுந்தது. அது பதினொன்றாவது படம். “எங்க, காட்டு காட்டு” என்று அவர் கையை நீட்டினார். மகள் கேமராவைத் திருப்பிக்கொண்டே வந்தாள். அவர் கைக்கு அது வருவதற்குள் தங்கள் ரோந்துக் காவலர் வந்து சேர்ந்தார்.

10. காவலரைக் குறை சொல்ல மாட்டேன். சீட்டைப் பார்த்தார். “முக்காலின்னு போட்டிருக்கே, அனுமதிக் கடிதம் எங்க?” என்றார். எதன்மேல் என் அத்தான் உட்கார்ந்திருக்கிறாரோ அதுதான் முக்காலி என்று காட்டினேன். அவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “எனக்குப் புரியுது சார். ஆனா சீட்டுல முக்காலின்னு இருக்கு. நான் விட்டுட்டா நாளைக்கு என் சீட்டக் கிழிச்சிருவாங்க. ரெண்டையும் எழுதி வாங்கிக்கறேன், ஆபீஸ்ல சொன்னா உடனே குடுத்துருவாங்க” என்றார். ‘கேமரா – 1, முக்காலி – 1’ என்று கைப்பற்றுச் சீட்டு எழுதினார். அத்தான் எழுந்து நின்று முக்காலியைக் காலி செய்து கொடுத்தார். பணியில் இருப்பவரிடம் வாக்குவாதம் செய்யக் கூடாது என்பது அவர் கொள்கை. திரும்பும் வழியில் பதினேழு முறையும் வெறுந்தரையில் உட்கார்ந்தார். அக்கா மகள் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்: “ஸ்டூல்னு சொல்லியிருக்கக் கூடாதா மாமா?” அறுபத்து மூன்று நாளாக அதற்குப் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

11. மறுநாளே தங்கள் அலுவலகம் வந்தோம். மூன்றாம் மேசை எழுத்தர் மிக எளிதான வழி ஒன்றைச் சொன்னார். அனுமதியின்றி வணிகப் படப்பிடிப்பு நடத்தியதாக ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு, கட்டணத்தையும் அபராதத்தையும் கட்டினால், கேமராவையும் கார்டையும் அன்று மாலையே எடுத்துச் செல்லலாம். தொழில் என்ன என்று கேட்டார். ஸ்டூடியோவில் வேலை என்று பெண் உண்மையைச் சொல்லிவிட்டாள். “அப்ப சரியாத்தான் இருக்கு” என்று அவர் படிவத்தை நகர்த்தினார். அக்கா பையைத் திறந்துவிட்டாள். பெண் பேனாவைக் கையில் எடுத்துவிட்டாள். ஐயா, அந்த இடத்தில் நான் குறுக்கே விழுந்தேன். உட்காரும் பலகைக்கு வணிகம் ஏது, பொய்யில் கையெழுத்துப் போடுவது எங்கள் பரம்பரையிலேயே கிடையாது, பொது நிலம் என்றால் பொதுமக்களின் நிலம், என் அத்தான் சொந்த ஏரியில் சொந்தப் பல்லைக் காட்டிச் சிரிக்க எவனிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றெல்லாம் கேட்டேன். காத்திருந்த மக்கள் கை தட்டினார்கள். தண்ணீர் கேன் போட வந்தவர் கேனை இறக்கி வைத்துவிட்டுத் தட்டினார். என் வாழ்நாளில் நான் கண்ட மிக உயரமான சிகரம் தங்கள் மூன்றாம் மேசைக்கு முன்னால் உள்ள அந்த இரண்டடித் தரைதான். அங்கேயே நின்று ஒன்பது பக்க ஆட்சேபணை எழுதி நீட்டினேன்.

12. எழுத்தர் அதை வாங்கி முத்திரை குத்திவிட்டு, “ஆட்சேபணை வந்துட்டா இது விசாரணைக் கோப்பு சார். இனிமே பணம் கட்டினாலும் குடுக்க முடியாது. முடிவு வரட்டும்” என்றார். அக்கா பையின் ஜிப்பை மூடும் சத்தம் கேட்டது. கை தட்டியவர்கள் அவரவர் டோக்கனைப் பார்த்துக்கொண்டார்கள்.

13. விசாரணை நடந்த விதம் பற்றித் தங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு ஒரு வினாத்தாள் வந்தது. ‘மேற்படி முக்காலியின் உயரத்தைக் குறைக்க முடியுமா?’ முடியும், ஒரு ரம்பம் இருந்தால். ‘மடக்க முடியுமா?’ ஒரே ஒருமுறை மட்டும். ‘அதன் மீது பொருத்தப்படுவது எது?’ என் அத்தான். இப்படி எழுதியனுப்பிவிட்டு, படித்துச் சிரிப்பார்கள், சிரித்தால் இரக்கம் வரும் என்று நம்பினேன். முக்காலி தொழில்நுட்பப் பிரிவின் கருத்துக்கு அனுப்பப்பட்டது. அங்கே அது இருபத்தாறு நாள் இருந்தது. ‘பொருளுக்கு மூன்று கால்கள் உள்ளன’ என்று கருத்து வந்தது. இதைச் சொல்ல என் கடைக்கு வரும் நாயே போதும். அது நான்கு வரை எண்ணும்.

14. அந்த இருபத்தாறு நாளுக்கு நடுவில் ஒருநாள், நடந்த இடத்தை நேரில் காட்டுமாறு என்னை ஏரிக்கரைக்கு அழைத்திருந்தீர்கள். போனேன். உள்ளே விடவில்லை. சோப்பு விளம்பரம் ஒன்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிரேன், இரண்டு ஜெனரேட்டர், நிஜமான முக்காலிகள் ஒரு காட்டுக்கு இருக்கும். ஒரு பெண் அதே தண்ணீரில் நாற்பது தடவை முகம் கழுவினாள். அவர்களுக்கு ஒரே நாளில் அனுமதி கிடைத்ததாகக் காவலர் சொன்னார். வாயிலில் ‘பொது நிலம்’ என்று எழுதியிருக்கும் பெரிய பலகை மேல் துணி போட்டு மூடியிருந்தார்கள். படத்தில் விழுந்தால் நன்றாக இருக்காதாம். நடந்த இடத்தைக் காட்ட நான் வரவில்லை என்று என் கோப்பில் பதிவாகியிருப்பதாகப் பிறகு அறிந்தேன். வந்தேன் ஐயா. துணிக்கு இந்தப்பக்கம் நின்றேன்.

15. வீட்டில் அத்தான் நாள்தோறும் கேட்பார்: “வந்துச்சா மாப்ள?” நானும் நாள்தோறும் ஒரு புளுகு மூட்டையை அவிழ்ப்பேன். சட்டசபை கூடியிருக்கிறது, உங்கள் சிரிப்பைப் பற்றித்தான் விவாதம், எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்துவிட்டது என்பேன். முதல் வாரம் சிரித்தார். அப்புறம் கையை மட்டும் ஆட்டினார். ஒரு ஞாயிறு பிற்பகல், அக்கா மாத்திரையைப் பிரித்துக்கொண்டிருந்தாள், அப்போது அவர் கோபமே இல்லாமல் சொன்னார்: “ஒரு கையெழுத்துதான கேட்டாங்க? போட்டுத் தொலைச்சிருக்கலாம்ல.” அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு அன்றைக்குப் பேச ஒன்றும் அகப்படவில்லை. இதைப் படிக்கும் தாங்கள் அது எவ்வளவு பெரிய அதிசயம் என்று இந்நேரம் உணர்ந்திருப்பீர்கள்.

16. இம்மாதம் ஆறாம் தேதி காலை, பல் விளக்கிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஏரிக்குப் போய் வந்து நாற்பத்தோரு நாள். அந்தப் படத்தை அவர் பார்க்கவில்லை.

17. பதினைந்தாம் தேதி தங்கள் இறுதி அறிவிப்பு வந்தது. பிரித்துப் பார்த்தேன். நான் ஜெயித்திருந்தேன். மேற்படி பொருள் அமர்வதற்கானது என்பது ஏற்கப்படுகிறது, ஆகவே இது வணிகப் படப்பிடிப்பு அல்ல, ஆட்சேபணை அனுமதிக்கப்படுகிறது என்று முதல் பத்தியில் இருந்தது. அபராதம் கிடையாது. இரண்டாவது பத்தியில், இது தனிநபர் படம் என்று முடிவாகிவிட்டதால், தனிநபர் பாதுகாப்பு விதியின்படி படத்தில் இருப்பவர் பதினைந்து நாட்களுக்குள் நேரில் வந்து, முகம் சரிபார்க்கப்பட்டு, ஒப்புதல் கையெழுத்திட வேண்டும். தவறினால் படங்கள் முப்பதாம் தேதி அழிக்கப்பட்டு, கேமராவும் முக்காலியும் மட்டும் ஒப்படைக்கப்படும் என்று இருந்தது.

18. இறப்புச் சான்றிதழோடு ஓடி வந்தோம். எழுத்தர் அதை இரு பக்கமும் திருப்பிப் பார்த்தார். நல்ல மனிதர்தான், இந்த முறை எங்களுக்கு நாற்காலிகூடக் கொடுத்தார். “இதுக்குக் கட்டம் இல்லையே சார்” என்றார். வாரிசுகள் கையெழுத்திட்டால் ஆகாதா என்று அக்கா கேட்டாள். “வாரிசெல்லாம் சொத்துக்குத்தான்மா. முகத்துக்கு வாரிசு கிடையாது” என்றார். யார் முன்னால் சொன்னார் தெரியுமா? அப்படியே அத்தானின் மூக்கையும் நெற்றியையும் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முன்னால். நான் விடாமல், பதினொன்றாவது படத்தில் ஓரமாகக் குனிந்து நிற்பது நான்தான், நான் ஒப்புதல் தருகிறேன் என்றேன். அவர் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு, “அப்ப உங்க பாதிய வேணா வெட்டிக் குடுக்கலாம்” என்றார். ஐயா, ஐம்பது வயதில் என் இடுப்பு வளைந்த படத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

19. எல்லாப் படமும் இப்படித்தான் அழிக்கப்படுமா என்று கேட்டேன். இல்லையாம். வணிகப் படமாக இருந்தால் யார் ஒப்புதலும் தேவையில்லையாம். தயாரிப்பாளர் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கட்டணம் கட்டினால் போதும். படத்தில் இருக்கும் முகங்கள் அனைத்தும் அவருக்கே சொந்தமாம். “நீங்கதான் அது வணிகம் இல்லன்னு ஜெயிச்சுட்டீங்களே” என்று எழுத்தர் வருத்தத்தோடு சொன்னார். கேலி அல்ல, உண்மையான வருத்தம். அதுதான் தாங்க முடியவில்லை.

20. அக்கா வீட்டுச் சுவரில் இப்போது ஓட்டுநர் உரிமப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறது. அக்கா மகள்தான் செய்துகொண்டு வந்தாள். பெரிதாக்கப் பெரிதாக்க முறைப்பும் பெரிதாகியிருக்கிறது. அக்கா அதற்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுகிறாள். “அவரு இப்படி இல்லவே இல்லடா” என்கிறாள். மகளோ ஸ்டூடியோவில் யாரையும் சிரிக்காதீங்க என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். இரண்டு விண்ணப்பப் படங்கள் அதனால் நிராகரிக்கப்பட்டு, முதலாளி கண்டித்திருக்கிறார். இருவரும் என்னைத் திட்டினால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருக்கும். சாப்பிட்டியா என்று கேட்கிறார்கள்.

21. ஆகவே ஐயா அவர்கள் கீழ்க்கண்டவற்றை என் தன்னிலை வாக்குமூலமாக ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

எனக்குத் தாங்கள் வழங்கிய நீதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அது எனக்கு வேண்டாம். என் ஒன்பது பக்க ஆட்சேபணையும், அதைத் தொடர்ந்து வந்த ஐந்து மனுக்களும், மூன்றாம் மேசை முன்னால் நான் பேசிய பேச்சும், அதற்கு விழுந்த கைதட்டலும் பொய்யானவை என்று தள்ளுபடி செய்யுங்கள்.

மேற்படி புதன்கிழமை ஏரிக்கரையில் நடந்தது முழுக்க முழுக்க வணிகப் படப்பிடிப்பு. தயாரிப்பாளர் நான். அனுமதி வாங்காமல் ஏமாற்றியதும் நான். ஒளிப்பதிவு செய்த பெண் என்னிடம் கூலிக்கு வந்தவள். அவளுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவள் மீது நடவடிக்கை எதுவும் கூடாது. ஆடை அலங்காரம் செய்தவளாக என் அக்காவைக் குறித்துக்கொள்ளலாம். அன்று காலை அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டது அவள்தான். கட்டணத்தையும் அபராதத்தையும் முழுவதுமாகக் கட்டுகிறேன். கடை ஏர் கம்ப்ரஸரை விற்க ஆள் பார்த்தாகிவிட்டது. தவணை கேட்க மாட்டேன்.

நடுவில் உட்கார்ந்திருப்பவர் நான் அமர்த்திய நடிகர். ஓட்டுநர் வேடம். பத்துப் படங்களில் அவர் முறைத்தது என் சொற்படி. பதினொன்றாவது படத்தில் அவர் சிரித்தது உண்மையான சிரிப்பு அல்ல. கூலி வாங்கிக்கொண்டு செய்த நடிப்பு என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.

இதை எழுதும்போது என் கை கொஞ்சம் நின்றது. அதையும் தாங்கள் பதிவு செய்துகொள்ளலாம். பிறகு எழுதிவிட்டேன்.

முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்கு முன்னதாக, எந்த நேரம் அழைத்தாலும் வருகிறேன். விளக்கம் கேட்க மாட்டேன், வாய் திறக்க மாட்டேன். எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் விரலால் காட்டுங்கள்.

நாள்: இம்மாதம் 28
இடம்: தங்கள் அலுவலக வரவேற்பறை, ஜன்னலோரப் பெஞ்சு

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) சக்கரவர்த்தி,
தயாரிப்பாளர்.

இணைப்பு:
1. நிரப்பப்பட்ட ஒப்புதல் படிவம், மூன்று பிரதிகள்.
2. இறப்புச் சான்றிதழ் நகல். (கட்டம் இல்லாவிட்டாலும் கோப்பில் இருக்கட்டும்.)